வீட்டுக் கோழியை முதல்முறை அறுக்கப் போகிறீர்களா? கடையா, சுடுதண்ணீரா, தோல் உரிப்பா

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டைச் சுற்றி கொஞ்சம் இடம் இருந்தால் போதும், நாலு கோழி மேயும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். குஞ்சு பொரிக்க வைப்பது, தீவனம், வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து என்று எல்லாம் தெரிந்திருக்கும். அறுத்துச் சுத்தம் செய்யும் நாள் வரும்போதுதான் கை தயங்கும். அம்மாவோ பாட்டியோ செய்து கொடுத்த வேலை அது. பக்கத்தில் நின்று பார்த்திருப்போம், நாமே செய்ததில்லை.

'கடைக்கு எடுத்துப் போவதா, வீட்டிலேயே செய்வதா' என்று இதை ஒரே கேள்வியாகத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். உண்மையில் இதற்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன. அறுப்பது யார், இறகை எப்படி எடுப்பது, குடலை யார் எடுப்பது. மூன்றையும் ஒருவரே, ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்று இரண்டு கோழிதான் என்றால் என் கருத்து இது: அறுப்பதைக் கைபழகிய ஒருவரிடம் விடுங்கள், இறகைச் சுடுதண்ணீர் போட்டு நீங்களே பிடுங்குங்கள், குடலையும் நீங்களே எடுங்கள். ஏன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் எந்த வழிக்கும் பொதுவான சில விஷயங்கள். முந்தின நாள் சாயந்திரத்தோடு இரையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால்தான் குடல் எடுக்கும்போது அசிங்கம் ஆகாது. இரவில் கூட்டிலிருந்தே எடுத்துத் தனியாகக் கூடையில் கவிழ்த்துவிட்டால், காலையில் கொல்லையெல்லாம் துரத்தி அதை மிரள வைக்க வேண்டியதில்லை. வேலையை விடியற்காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்தால் ஈ மொய்த்துவிடும், கறியும் சீக்கிரம் கெடும். தூங்கி வழிகிற கோழி, கொண்டை நீலம் பாய்ந்த கோழி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிற கோழி இவற்றை 'வீணாகப் போகிறதே' என்று அறுக்கவே கூடாது. கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், கடைசி மருந்துக்கும் அறுப்பதற்கும் நடுவே விடச் சொல்லிப் புட்டியில் எழுதியிருக்கும் இடைவெளி முடியும் வரை பொறுங்கள்.

முதலில் கடை. பிராய்லர் கடையில் கோழியைக் கொடுத்தால் அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் மெஷினில் போட்டு, வெட்டி, பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூலி கடைக்குக் கடை மாறும், ஆனாலும் உங்கள் அரை நாளை யோசித்தால் பெரிய தொகை இல்லை. உயிரை அறுக்க மனசு வராதவர்களுக்கும், தண்ணீர் வசதி இல்லாத மாடி வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் சரியான வழி. இதில் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கடையின் வெந்நீரும் மெஷினும் ஆறு வாரத்துப் பிராய்லருக்காக இருப்பவை. பிராய்லரின் தோல் மெல்லிசு, இறகு லேசாகப் பிடித்திருக்கும். ஒன்றரை வருடம் கொல்லையில் ஓடித் திரிந்த பெட்டைக்கோழியின் இறகு அப்படி வராது. பாதி இறகோடு வெளியே வரும். கூட்ட நேரத்தில் கடைக்காரர் அதை உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது, 'தோலை உரிச்சிடட்டுமா' என்பார். நாமும் சரி என்போம். அவ்வளவுதான், நாட்டுக்கோழி வளர்த்ததன் பாதிச் சுவை குப்பைக்கூடையில். அதனால் கடைக்குத்தான் போவது என்று முடிவானால் முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள். தோலோடு வேண்டும், ஈரலும் காலும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வார நாளில் கடை திறந்ததும் முதல் கோழியாகப் போனால் வெந்நீரும் புதிதாக இருக்கும். முப்பது கோழி முங்கிய தண்ணீரில் உங்கள் கோழியும் முங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலர் யோசிப்பதில்லை. பல ஊர்க் கோழிகள் வந்து சேரும் இடம் அந்தக் கடை. அங்கே வைத்த கூடையையும் போட்டுப் போன செருப்பையும் அப்படியே கொண்டுவந்து கோழிக்கூட்டுப் பக்கம் விட்டால், வெள்ளைக்கழிச்சலை நீங்களே கையோடு கூட்டிவந்த மாதிரி. கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஒரு நாள் வெயிலில் போடுங்கள். போச்சம்பள்ளி ஞாயிறு சந்தைக்குப் போய்வந்தாலும் இதே விதிதான்.

அடுத்தது சுடுதண்ணீர். முதல் தடவைக்கு நான் சொல்வது இதுதான், இதில் சூட்டின் அளவு மட்டும் பிடிபட்டுவிட்டால் மற்றது தானாக வரும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் கோழியை முக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கொதிநீரில் தோல் வெந்துவிடும். பிடுங்கும்போது நெஞ்சுப் பக்கம் இறகோடு தோலும் கிழிந்து வரும், கொழுப்பு உருகிப் பிசுபிசுக்கும். நாட்டுக்கோழிக்கு வேண்டியது 63 முதல் 65 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லை என்றால் கவலையில்லை. கொதிக்கும் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சம அளவு கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதோடு கொதிநீர் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினால் 65 பக்கம் வந்துவிடும். மார்கழியில், அதிலும் ஓசூர், தளி பக்கத்துக் குளிரில், பச்சைத் தண்ணீரே சில்லென்று இருக்கும், அப்போது இன்னும் ஒரு சொம்பு. கோழியை உள்ளே விட்டதும் சூடு இறங்கும் என்பதால் தண்ணீர் கொஞ்சமாக இருக்கக் கூடாது. ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர், முழுக்கோழியும் முங்குகிற அண்டாவில். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த அண்டாவில் செய்யுங்கள், எரிகிற அடுப்பின் மேல் வேண்டாம்.

அறுத்த கோழி முழுக்க ரத்தம் வடிந்து, அசைவெல்லாம் நின்ற பிறகே தண்ணீருக்குள் போக வேண்டும். குறைந்தது இரண்டு நிமிடம் தலைகீழாகப் பிடித்திருங்கள். அப்புறம் காலைப் பிடித்துத் தலைப்பக்கமாக உள்ளே விட்டு, மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருங்கள். கோழி இறகில் எண்ணெய்ப் பசை உண்டு, சும்மா முக்கி வைத்தால் தண்ணீர் அடித்தோல் வரை போகாது. இளம் சேவலுக்கு முக்கால் நிமிடம் போதும், கிழட்டுப் பெட்டைக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை. கடிகாரத்தைப் பார்ப்பதைவிட றெக்கையின் நீள இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலில் சிரமமில்லாமல் கழன்று வந்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். காலின் மேல்தோல் உரிந்து வருவதும் ஒரு அடையாளம். வரவில்லையா, பத்து நொடி மறுபடி முக்குங்கள். ஒரேயடியாக அதிக நேரம் விடுவதைவிட இரண்டு தடவை முக்குவது மேல்.

பிடுங்குகிற வரிசை முக்கியம். ஆறினால் முதலில் இறுகிப்போவது றெக்கையும் வாலும்தான், அதனால் ஆவி பறக்கும்போதே அவற்றை முடித்துவிடுங்கள். அடுத்து தொடை, முதுகு. நெஞ்சும், கழுத்து உடம்போடு சேரும் இடமும் கடைசி. அங்கே தோல் ரொம்ப மெல்லிசு. எங்கள் பெரியம்மா ஒருத்தர், பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிற பிள்ளைகளிடம் சொல்வது இவ்வளவுதான்: "இடது கையால தோலை இழுத்துப் பிடிச்சுக்கோ கண்ணு, வலது கையில நாலு நாலு இறகாப் புடுங்கு. பிடி பிடியா அள்ளினா கிழிஞ்சிரும்." அவர் பிடுங்கிய கோழியில் ஒரு கீறல் இருக்காது. பெரிய இறகு போன பிறகு ஒட்டியிருக்கும் பஞ்சு ரோமத்தை ஈரக் கட்டைவிரலால் வழித்தால் சுருண்டு வரும். பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. முதல் கோழிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகட்டுமே.

இதற்கும் இடைஞ்சல் உண்டு. தண்ணீர். முக்குவதற்குப் பன்னிரண்டு லிட்டர், கழுவுவதற்கு இன்னொரு மடங்கு, இடத்தை அலச வேறு. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு என்றால் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும். இன்னொன்று கோழி இறகு மாற்றும் காலம். பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைவிடும் சமயத்தில் அறுத்தால், தோலுக்குள் கருப்பு முள் முள்ளாக நிற்கும், ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டியிருக்கும். கருப்பு இறகுக் கோழியில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். புது இறகு முழுசாக வளரும் வரை தள்ளிப்போட்டால் இந்தத் தொல்லை இல்லை. முதல் கோழியாக எதைப் பிடிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் ஐந்தாறு மாதச் சேவலைப் பிடியுங்கள். கிராப்புக் கோழி இருந்தால் இன்னும் சுலபம். கழுத்திலே இறகில்லை, உடம்பிலும் மற்றதைவிடக் குறைச்சல்.

சூடான தண்ணீரே இல்லாமல், அறுத்த கையோடு வெதுவெதுப்பு ஆறுவதற்குள் பிடுங்கிவிடுவது பழைய வழி. வயக்காட்டிலும் குலதெய்வக் கோயிலிலும் இப்படித்தான் செய்வார்கள். தண்ணீர்ச் செலவில்லை, தோல் காய்ந்து நன்றாக இருக்கும். ஆனால் உடம்பு விறைக்க ஆரம்பித்துவிட்டால் இறகு வராது, நேரம் உங்களைத் துரத்தும். வேகமான கைக்குத்தான் இது லாயக்கு. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வழியின் பின்பாதியை, அதாவது வாட்டுவதை, சுடுதண்ணீர் போட்டவர்களும் விடக்கூடாது. எவ்வளவு நன்றாகப் பிடுங்கினாலும் தோலில் முடி மாதிரி மெல்லிய ரோமம் நிற்கும். மஞ்சள்தூளை ஈரத்தோடு உடம்பு முழுக்கத் தடவி, காய்ந்த தென்னை ஓலையோ சோளத்தட்டோ கொளுத்தி, அந்தத் தீயில் இரண்டு பக்கமும் சரசரவென்று காட்டி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கும். ரோமம் சுருண்டு கருகும், தோல் இழுத்துப் பிடித்து மினுமினுக்கும், அடிக்கொழுப்பு லேசாகக் கசிந்து அந்த வாசனை எழும். பிறகு தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் கரி போய் மஞ்சளாக நிற்கும். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனையில் பாதி இங்கேயே சேர்ந்துவிடுகிறது என்பது என் தீர்மானமான நம்பிக்கை. வீட்டுக்குள் என்றால் கேஸ் அடுப்புத் தீயே போதும். டயர், பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் எதுவும் தீக்குள் வரவே கூடாது. அந்தப் புகை தோலில் படிந்தால் கழுவினாலும் போகாது, உடம்புக்கும் கெடுதல்.

தோல் உரிப்பது இன்னொரு வழி. தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டாம், இறகு பிடுங்க வேண்டாம். றெக்கை நுனியையும் காலையும் மூட்டில் வெட்டிவிட்டு, நெஞ்சில் தோலை மட்டும் கீறி, விரலை விட்டுப் பிரித்துக்கொண்டே போனால் இறகோடு சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். பத்து நிமிடம்கூட ஆகாது. புது இறகு முளைக்கும் கோழி, மிளகு வறுவலுக்குப் போகும் கறி, கொழுப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வீடு, இவற்றுக்கெல்லாம் இது பொருத்தம். ஆனால் எடை குறையும். தோலோடு சுத்தம் செய்த நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ உயிரெடைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். தோலும் போனால் அதிலும் இறங்கும். ஃப்ரீசரில் வைத்தால் தோலில்லாத கறி சீக்கிரம் வறண்டுபோகும். களிக்கு ஊற்றுகிற குழம்பு என்றால் நான் தோலை உரிக்க ஒத்துக்கொள்ளமாட்டேன். கேழ்வரகுக் களிக்குத் தன் சுவை அடக்கம்தான், குழம்பில் மிதக்கிற அந்த மஞ்சள் எண்ணெய்தான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது. அந்த எண்ணெய் தோலடிக் கொழுப்பிலிருந்து வருவது.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரப்பர் விரல்கள் வைத்த டிரம், கீழே மோட்டார். சரியான சூட்டில் முக்கிய கோழியைப் போட்டால் அரை நிமிடத்தில் இறகு போய்விடும். சூடு தப்பினால் மெஷினும் தோலைக் கிழிக்கும், ஆக அந்தப் பாடத்திலிருந்து தப்ப முடியாது. ஒரு கிலோ சிறுவிடைக்கு றெக்கை எலும்பு முறிவதும் உண்டு. குலதெய்வத்துக்குப் படையல், கறிநாள் என்று பத்துக் கோழிக்கு மேல் ஒரே நாளில் அறுப்பவர்களும், விற்பனைக்கு வளர்ப்பவர்களும்தான் இதை யோசிக்க வேண்டும். அவர்களும் வாங்குவதற்கு முன் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஓசூர் மத்திகிரியில் இருக்கும் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலோ விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி குடல் எடுப்பது. இதை மட்டும் கடையில் விடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், வீட்டுக் கோழியின் உள்ளே இருப்பது உங்கள் உழைப்பு. முட்டையிடுகிற பெட்டையைத் திறந்தால், ஓடு சேராத மஞ்சள் கருக்கள் பெரிசும் சிறிசுமாகக் கோத்துக் கிடக்கும். குழம்பில் கடைசியில் போட்டால் அதற்கு வீட்டில் போட்டியே நடக்கும். கடை அவசரத்தில் அது குடலோடு போய்விடும்.

செய்முறை இப்படி. கழுத்தடியில் தோலைக் கீறி, தீனிப்பையையும் மூச்சுக்குழலையும் முதலிலேயே தளர்த்திவிடுங்கள். வாலுக்கு மேலே இருக்கும் மஞ்சள் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள், அது இருந்தால் கவிச்சை அடிக்கும். அப்புறம் கோழியை மல்லாக்கப் போட்டு, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே தோலை மட்டும் இரண்டு விரல் நுழைகிற அளவு கீறுங்கள். கத்தி ஆழம் போனால் குடல் கிழியும், கவனம். கையை நெஞ்செலும்பின் உட்பக்கத்தை ஒட்டியே உள்ளே விட்டு, மேலே போய், மொத்தத்தையும் அணைத்து ஒரே இழுப்பாக வெளியே கொண்டுவாருங்கள். கழிவுத் துவாரத்தைச் சுற்றி வெட்டினால் முழுசாகக் கழன்றுவிடும். ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையை மட்டும் உடைக்காமல், கொஞ்சம் ஈரலே போனாலும் பரவாயில்லை என்று சேர்த்து வெட்டி எறியுங்கள். உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். உடனே கழுவி, பச்சை ஏறிய சதையைச் சீவிவிடுங்கள். இரையை அரைக்கும் அந்தக் கெட்டிச் சதைப்பையைப் பிளந்தால் மணலும் கூழாங்கல்லும் கேழ்வரகும் இருக்கும். கொட்டிவிட்டு, உட்பக்கத்து மஞ்சள் தோலை நகத்தால் உரித்துவிடுங்கள். விலா எலும்புக்குள் ஒட்டியிருக்கும் ரோஸ் நிற நுரையீரலை விரலால் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஆக, அறுப்பதை மட்டும் ஏன் வேறொருவரிடம் விடச் சொன்னேன்? மற்ற எல்லாவற்றிலும் தப்பு நடந்தால் தோல் கிழியும், கசக்கும், நேரம் போகும். அறுப்பதில் கை நடுங்கினால் அவதிப்படுவது கோழி. தெருவில் கைபழகிய ஒரு சித்தப்பாவோ அண்ணனோ இருப்பார். கூர்மையான கத்தியில் ஒரே வெட்டாக எப்படி முடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்திலிருந்து பாருங்கள். தைரியம் வந்த பிறகு கத்தியை வாங்கிக்கொள்ளலாம்.

கறியை எப்போது அடுப்பேற்றுவது என்பதையும் பார்த்துவிடுவோம். அறுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் சமைத்தால் என்ன வேகவைத்தாலும் நார் நாராக இழுக்கும். விறைப்பதற்கு முன்பே குழம்பு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த நாள் எடுங்கள். வயசான கோழிக்கு இரண்டாவதுதான் நல்லது. வெளியில் சும்மா கிடக்க விடவே கூடாது.

கழிவை எங்கே போடுவது என்பதை அறுப்பதற்கு முன்பே முடிவு செய்து குழி வெட்டி வைத்துவிடுங்கள். இறகில் தழைச்சத்து ஏராளம், மெதுவாகத்தான் மக்கும், அதனால் மாமரத்துக்கு அருமையான உரம். இரண்டு அடி ஆழத்தில், மரத்தை விட்டுத் தள்ளி, குடலும் இறகும் போட்டு மண் மூடி மேலே ஒரு கல் வைத்தால் நாய் தோண்டாது. குடலை மற்ற கோழிகளுக்குப் போடாதீர்கள், சாக்கடையிலும் வேண்டாம். அரிவாள்மனை, பலகை, அண்டா எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, மீந்த கொதிநீரை மேலே ஊற்றி அலசுங்கள். அந்தப் பலகையில் அன்றைக்கு வெங்காயம் தக்காளி நறுக்க வேண்டாம்.